கொரிந்து கட்சி மாறிய நகரமா?

கேள்வி இது: கி.மு. 432-இல் ஸ்பார்ட்டாவைத் தூண்டி ஏதென்ஸ் மீது ஏவிவிட்ட கொரிந்து, 395-இல் அதே ஏதென்ஸோடு கைகோத்து ஸ்பார்ட்டாவை எதிர்த்தது ஏன்? அந்த நகரத்துக்கு நிலையான கொள்கை என்று ஒன்று இருந்ததா, காற்றடித்த பக்கம் சாய்ந்ததா?

கொள்கை இருந்தது. ஏறக்குறைய 200 ஆண்டுகள் மாறவே இல்லை. ஆனால் ஏதென்ஸில் உட்கார்ந்தோ ஸ்பார்ட்டாவில் உட்கார்ந்தோ பார்த்தால் அது தெரியாது. கொரிந்திலிருந்து, அதிலும் மேற்கே முகம் வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நிலம். தெற்கே இருக்கும் பெலொப்பொனீஸ் தீபகற்பத்தைக் கிரேக்கத்தின் மற்றப் பகுதியோடு இணைப்பது ஒரு பூசந்தி. அதன் மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 6 கிலோமீட்டர். வடக்கிலிருந்து தெற்கே படையோ வண்டியோ போக வேண்டுமென்றால் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். பூசந்திக்கு மேற்கே கொரிந்து வளைகுடா, கிழக்கே சரோனிக் வளைகுடா. நகரத்துக்கு இரண்டு பக்கமும் துறைமுகம்: வடக்கே சுமார் 3 கிலோமீட்டரில் லெக்கேயோன் (இத்தாலி, சிசிலிப் பக்கம் பார்த்தது), தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டரில் கெங்கிரேயா (ஆசியாவைப் பார்த்தது). நகரத்துக்கு நேர் பின்னால் 575 மீட்டர் உயரத்தில் அக்ரோகொரிந்து என்னும் பாறைக்கோட்டை, உச்சியருகே வற்றாத ஊற்றோடு.

கடல்வழியாகப் பெலொப்பொனீசைச் சுற்றிப் போக வேண்டுமானால் தெற்கு முனையில் மலேயா இருக்கிறது. திடீரென்று திசைமாறும் காற்று, ஒதுங்க இடமில்லாத கரை. "மலேயாவைச் சுற்றப் போகிறாயா, வீட்டை மறந்துவிடு" என்று மாலுமிகளிடையே ஒரு பழமொழி இருந்ததாகப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதுகிறார். அதனால் சரக்கு ஒரு துறையில் இறங்கி, பூசந்தியைத் தாண்டி, மறு துறையில் ஏறியது. கொரிந்தின் செல்வம் இந்த இறக்கி ஏற்றுவதில்தான். பெரியாண்டர் ஆண்ட காலத்தில் (கி.மு. 627 முதல் 587 வரை) சந்தை வரி, துறைமுகச் சுங்கம் இரண்டோடு நிறுத்திக்கொண்டு வேறு வரியே போடவில்லை என்று பழைய குறிப்பு ஒன்று இருக்கிறது. நிலவரி இல்லாமல் ஓர் அரசு ஓட முடிந்தது என்றால் துறையில் எவ்வளவு புரண்டிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே பலரும் வழுக்குகிற இடம் டியோல்கோஸ். பூசந்திக்குக் குறுக்கே கி.மு. 600 வாக்கில் போடப்பட்ட கல் பாவிய இழுவைப்பாதை அது. அகலம் 3.4 முதல் 6 மீட்டர். கல்லில் சுமார் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் இரண்டு பள்ளத் தடங்கள். 1956-இலிருந்து நிக்கோலாஸ் வெர்டெலிஸ் அகழ்ந்து வெளிக்கொணர்ந்தார். இதைப் படித்தவுடன் கப்பல்கள் வரிசையாக வண்டியில் ஏறிக் கடல் விட்டுக் கடல் போன காட்சி மனதில் வந்துவிடுகிறது. எளிதில் நடக்கிற காரியம் இல்லை. பாதை சுமார் 80 மீட்டர் உயரம் ஏறி இறங்குகிறது. சரக்கு நிறைந்த வணிகக் கப்பலை அப்படி இழுத்தால் அடிமரம் தன் பாரம் தாங்காமல் நெளிந்து பலகை இணைப்புகள் விட்டுப்போகும். சரக்கை இறக்கிவிட்டு இழுப்பதென்றால், இறக்கிய சரக்கைக் கப்பலில்லாமலே கொண்டுபோய் மறுகரையில் இன்னொரு கப்பலில் ஏற்றிவிடலாமே! கப்பல் கடத்தியதாக எழுத்தில் கிடைக்கும் செய்திகள் ஒரு கை விரலுக்கு அடங்கும், பெரும்பாலும் எல்லாமே போர்க்கப்பல்கள். மூவடுக்குத் துடுப்புக் கப்பல் 35 மீட்டருக்கு மேல் நீளமானாலும் உடல் மெலிந்தது, எடை 25 டன் அளவில்தான். இழுக்க ஒவ்வொன்றிலும் 170 துடுப்புக்காரர்கள் கூடவே இருந்தார்கள். கி.மு. 428-இல் கப்பல்களைக் கடத்த நினைத்த ஸ்பார்ட்டர்கள் அதற்கான இழுவைச் சாதனங்களைப் புதிதாகத் தயார்செய்ய வேண்டியிருந்தது என்கிறார் வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ். நாள்தோறும் நடக்கிற தொழிலாக இருந்தால் சாதனம் அங்கேயே இருந்திருக்கும். பளிங்கு, கட்டடக்கல், மரம், ஓடு போன்ற கனமான சரக்குக்கான வண்டிப்பாதை என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

இனி மேற்கு. கி.மு. 8-ஆம் நூற்றாண்டில் கொரிந்தை ஆண்டது பாக்கியாட் என்ற ஒரே குலம். தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து, ஆண்டுக்கொரு தலைவரைத் தேர்ந்துகொண்ட கூட்டம். மரபுக் கணக்குப்படி 733-இல் அவர்கள் காலத்தில் இரண்டு குடியேற்றங்கள் கிளம்பின: ஆர்க்கியாஸ் தலைமையில் சிசிலியின் சிரக்கூஸ், இன்னொன்று கொர்சிரா, இன்றைய கோர்ஃபு தீவு. 657-இல் கிப்செலோஸ் இந்தக் குலத்தை விரட்டிவிட்டுத் தனியாட்சி அமைத்தான். அவனும் மகன் பெரியாண்டரும் மேற்குக் கரையோரமாக லெவ்காஸ், அனக்டோரியோன், அம்பிராக்கியா என்று சங்கிலிபோலக் குடியேற்றங்களை அமைத்தார்கள். வடக்கே போட்டிடேயா மட்டும் ஈஜியன் பக்கம். அரசர்கள் மாறினாலும் திசை மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தச் சங்கிலி ஏன் அந்த வரிசையில் இருக்கிறது? அக்காலக் கப்பல் திறந்த கடலில் இரவு பகலாக ஓடுவதைக் கூடியவரை தவிர்க்கும். போர்க்கப்பலில் 200 பேர். சமைக்கவும் படுக்கவும் இடமில்லை, மாலையானால் கரை வேண்டும். வளைகுடாவை விட்டு வெளியே வந்ததும் வடக்கே திரும்பி, கரையோரமாகவே கொர்சிரா வரை போய், அங்கிருந்து கடல் மிகவும் குறுகியிருக்கும் இடத்தில் இத்தாலிக்குத் தாண்டுவார்கள். ஆகவே கொர்சிரா யார் கையிலோ சிசிலிப் பாதை அவர் கையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தவை பாதி புரிந்துவிடும்.

அந்தக் கொர்சிராதான் தாய் நகரத்துக்கு அடங்காத பிள்ளை. கிரேக்கர்கள் அறிந்த மிகப் பழைய கடற்போர் கொரிந்துக்கும் கொர்சிராவுக்கும் நடந்தது என்று தூசிடிடீஸ் சொல்கிறார். அவர் தரும் கணக்கு கி.மு. 664 வாக்கில் வந்து நிற்கிறது. கிரேக்கத்தில் மூவடுக்குக் கப்பலை முதலில் கட்டியதும் கொரிந்தில்தான் என்கிறார். தாய்க்கும் மகளுக்கும் இருந்த விரிசல் காசிலும் தெரியும். கொரிந்தின் வெள்ளிக் காசில் ஒரு பக்கம் சிறகுள்ள குதிரை பெகாசஸ். அதனால் மக்கள் அதைக் 'குட்டிகள்' என்றே அழைத்தார்கள். குதிரையின் கீழே நகரத்தின் பழைய முதலெழுத்தான கோப்பா. எடை 8.6 கிராம், ஏதென்ஸின் இரு திராக்மா எடை. ஆனால் ஏதென்ஸில் அதே எடையை இரண்டாகப் பிரித்தார்கள், கொரிந்தில் மூன்றாக. எனவே இரு ஊர் வணிகரும் பெரிய காசைத் தடையில்லாமல் மாற்றிக்கொள்ளலாம். 'திராக்மா' என்று வாய்ச்சொல்லில் பேசினால் மட்டும் ஒருவர் 4.3 கிராமை நினைப்பார், மற்றவர் 2.9 கிராமை. லெவ்காஸும் அம்பிராக்கியாவும் கோப்பாவை எடுத்துவிட்டுத் தங்கள் முதலெழுத்தைப் போட்டு இதே குதிரைக் காசை அடித்தன. 5-ஆம் நூற்றாண்டுக் கொர்சிராவோ வேறு எடையில், பசுவும் பால்குடிக்கும் கன்றும் போட்டு, தன் காசைத் தனியாக அடித்துக்கொண்டிருந்தது.

பானை விஷயம் தனிக் கட்டுரைக்கு உரியது, சுருக்கமாகச் சொல்கிறேன். கி.மு. 700 வாக்கில் கரிய உருவ ஓவிய முறை கொரிந்தில்தான் பிறந்தது: உருவத்தைக் களிக்குழம்பால் நிரப்பி, உள்விவரங்களைக் கூரூசியால் கீறுவது. சூளையில் மூன்று கட்டம். முதலில் காற்றுவிட்டு எரித்தால் எல்லாம் சிவக்கும். பிறகு காற்றை அடைத்துப் பச்சை விறகு போட்டால் எல்லாம் கறுக்கும், குழம்பு பூசிய இடம் மட்டும் கண்ணாடிபோல் இறுகும். மறுபடி காற்றைத் திறந்தால் வெறும் மண் பழைய நிறத்துக்குத் திரும்ப, இறுகிய இடம் கறுப்பாகவே நின்றுவிடும். கொரிந்து மண் சுண்ணாம்புச் சத்துள்ள வெளிர்மஞ்சள் மண். ஏதென்ஸின் இரும்புச்சத்து மிகுந்த செம்மண்ணோடு குழம்பு ஒட்டுவதுபோல இதில் ஒட்டாது, உரிந்துவிடும். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸ் குயவர்கள் மேலேறி வந்தபோது கொரிந்துக் குயவர்கள் தங்கள் பானைமேல் செம்பூச்சு பூசி ஏதென்ஸ்போலத் தோன்றச் செய்து பார்த்தார்கள், சந்தை திரும்பவில்லை. அதற்காக நகரம் நொடித்துப்போனது என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள். பானை எங்கள் கண்ணுக்கு அழியாமல் கிடைக்கும் சரக்கு, அவ்வளவே. சுங்கம் யார் பானைக்கும் ஒன்றுதான்.

இப்போது கேள்விக்கு வரலாம். கொரிந்து எடுத்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

கி.மு. 506 வாக்கில் ஸ்பார்ட்டா அரசன் கிளியோமினஸ் ஏதென்ஸுக்குள் தன் ஆளை ஆட்சியில் வைக்கப் படை நடத்தினான். எலெயுசிஸ் வரை வந்துவிட்டுக் கொரிந்துப் படை முதலில் திரும்பியது, படையெடுப்பு கலைந்தது. சில ஆண்டுகளில் ஹிப்பியாஸைத் திரும்பவும் ஏதென்ஸின் தனியாட்சியாளனாக்க ஸ்பார்ட்டா கூட்டம் கூட்டியபோது, எதிர்த்துப் பேசியது கொரிந்தின் தூதர். பாரசீக மன்னன் ஜெர்க்ஸஸின் படையெடுப்புக்கு முன்பு ஏதென்ஸ் ஏஜினா தீவோடு மோதியபோது 20 கப்பல்களைக் கொரிந்து கொடுத்தது. இலவசமாகக் கொடுக்கச் சட்டம் இடம் தராததால் கப்பலுக்கு 5 திராக்மா விலை வைத்துக்கொண்டார்கள். ஏஜினா சரோனிக் வளைகுடாவில் கொரிந்தின் போட்டியாளர். அதை அடக்க ஓர் ஏதென்ஸ் வேண்டும். 480-இல் சலாமிஸில் 40 கப்பல்கள், அடுத்த ஆண்டு பிளாட்டேயாவில் 5,000 கனரகக் காலாட்கள் என்று பாரசீகத்துக்கு எதிராகவும் நின்றார்கள்.

நட்பு உடைந்த இடம் மெகாரா. கி.மு. 460 வாக்கில் கொரிந்தோடு எல்லைச் சண்டையில் இருந்த மெகாரா ஏதென்ஸ் பக்கம் போனது. அதோடு கொரிந்து வளைகுடாவில் இருந்த அதன் துறை பெகாயும் ஏதென்ஸுக்குக் கிடைத்தது. அந்த ஆண்டுகளிலேயே வளைகுடாவின் வாயருகே உள்ள நவ்பாக்டோஸில், ஸ்பார்ட்டாவுக்குத் தப்பிய மெசேனியர்களை ஏதென்ஸ் குடியமர்த்தியது. கிழக்கே ஏதென்ஸ் என்ன செய்தாலும் பொறுத்துக்கொண்ட நகரத்தின் வீட்டுவாசலில் இப்போது காவல் போட்டாயிற்று. கொரிந்தியருக்கு ஏதென்ஸ் மீதிருந்த கடும் வெறுப்பு தொடங்கியது இங்கேதான் என்று தூசிடிடீஸ் தெளிவாகச் சொல்கிறார்.

அப்போதும் 446-இல் சமாதானம் ஆகி ஏதென்ஸ் பெகாயைத் திருப்பிக் கொடுத்தபின் கொரிந்து அடங்கிவிட்டது. 440-இல் சாமோஸ் தீவு ஏதென்ஸை எதிர்த்துக் கிளம்பியபோது, உதவப் போகலாமா என்று ஸ்பார்ட்டாவின் கூட்டணியில் பேச்சு வந்தது; வேண்டாமென்று தாங்கள் சொன்னதாகக் கொரிந்தியரே பின்னால் ஏதென்ஸ் மன்றத்தில் சொல்லிக்காட்டினார்கள். அவரவர் கூட்டாளியை அவரவர் அடக்கிக்கொள்ளட்டும் என்பது அவர்கள் வாதம். அதாவது, கிழக்கு உனக்கு, மேற்கு எனக்கு.

435-இல், கொர்சிராவின் குடியேற்றமான எப்பிடாம்னோஸ் என்ற ஊரின் உள்சண்டையில் கொரிந்தும் கொர்சிராவும் எதிரெதிரே இறங்கின. லெவ்கிம்மே முனையில் கொரிந்தின் 75 கப்பல்களைக் கொர்சிராவின் 80 கப்பல்கள் தோற்கடித்தன, 15 போயின. கொரிந்து இரண்டாண்டு கப்பல் கட்டியது, கூலி ஏற்றிக் கொடுத்துத் துடுப்புக்காரர்களைத் திரட்டியது. பயந்த கொர்சிரா 433-இல் ஏதென்ஸிடம் போனது. அப்போது கிரேக்கத்தின் மூன்று பெரிய கடற்படைகள் ஏதென்ஸ், கொர்சிரா, கொரிந்து. இவற்றில் இரண்டு சேர்ந்தால் மூன்றாவதன் கதை முடிந்தது. சிபோட்டாவில் கொரிந்துப் பக்கம் 150 கப்பல்கள், அதில் அவர்களுடையவை 90. எதிரே கொர்சிராவின் 110, ஏதென்ஸின் 10. கொரிந்து ஜெயிக்கிற நேரத்தில் அடிவானத்தில் இன்னும் 20 ஏதென்ஸ் கப்பல்கள் தெரிய, பின்வாங்கியது. அடுத்த ஆண்டு, ஏதென்ஸுக்குக் கப்பம் கட்டிவந்த போட்டிடேயாவிடம், கொரிந்து ஆண்டுதோறும் அனுப்பிவந்த அதிகாரிகளைத் துரத்து, மதிலை இடி என்றது ஏதென்ஸ். இதற்குப்பின் ஸ்பார்ட்டாவில் போய், நீங்கள் அசையாவிட்டால் வேறு துணை தேடிக்கொள்வோம் என்று கொரிந்தியர் மிரட்டியதை யாரும் கட்சி மாறல் என்று சொல்ல முடியாது.

இப்படி ஏதென்ஸுக்கும் ஸ்பார்ட்டாவுக்கும் மூண்ட பெலொப்பொனீசியப் போரில் கொரிந்து பட்டது ஏராளம். 429-இல் பத்திரைக்கு வெளியே அவர்களும் கூட்டாளிகளும் 47 கப்பலோடு போக, நவ்பாக்டோஸிலிருந்து ஏதென்ஸ் தளபதி ஃபோர்மியோ 20 கப்பலோடு வந்து மறித்தான். கொரிந்தியர் படைவீரரை ஏற்றிச் செல்லும் தயாரிப்பில் இருந்தார்கள். முகப்பு வெளியே பார்க்க வட்டம் கட்டி, நடுவில் விரைவான ஐந்து கப்பல்களை வைத்தார்கள். ஃபோர்மியோ அவர்களை உரசுவதுபோலச் சுற்றிவந்து வட்டத்தை நெருக்கினான். விடிகிற நேரத்தில் வளைகுடாவிலிருந்து காற்றடிக்கும் என்று அவனுக்குத் தெரியும். காற்று வந்ததும் கப்பலோடு கப்பல் மோத, கழியால் தள்ளிவிடுவதிலேயே எல்லோரும் கத்திக்கொண்டிருக்க, கட்டளை யார் காதிலும் விழவில்லை. 12 கப்பல்கள் பிடிபட்டன. இதற்குக் கொரிந்து கண்ட விடை 413-இல் வந்தது. திறந்த கடலில் ஏதென்ஸின் லாவகத்தோடு போட்டிபோடாமல், முகப்பின் இருபுறமும் நீட்டிய மரங்களைத் தடிப்பாக்கி உள்ளிருந்து முட்டுக் கொடுத்து, நேருக்கு நேர் மோதுவது. ஏதென்ஸ் கப்பலின் முகப்பு மெல்லியது, பக்கவாட்டில் குத்துவதற்கென்று செய்தது. எரினெயோஸில் முயன்று ஏழு ஏதென்ஸ் கப்பல்களை முடமாக்கினார்கள். சிரக்கூஸைப் பிடிக்க வந்த ஏதென்ஸ் கப்பல்களுக்கு அதன் துறைமுகத்தில் சுற்றித் திரும்ப இடமே இல்லாததால் இதே உத்தி முழுப்பலன் தந்தது. அங்கே சிரக்கூஸியரின் தலைசிறந்த மாலுமி அரிஸ்டோன் ஒரு கொரிந்தியர்.

404-இல் ஏதென்ஸ் விழுந்ததும் அதைத் தரைமட்டமாக்கச் சொன்னவர்களில் கொரிந்தும் தீப்ஸும் முதன்மை. ஸ்பார்ட்டா மறுத்தது. கேள்வியின் முடிச்சு அவிழ்வது இதற்கு அடுத்த ஆண்டில். 403-இல் ஏதென்ஸ் உள்நாட்டுச் சண்டையில் தலையிட ஸ்பார்ட்டா படை கிளம்பியபோது கொரிந்து வர மறுத்தது. ஸ்பார்ட்டா அந்த நாட்டையே தனதாக்கிக்கொள்ளப் பார்க்கிறது என்று அவர்கள் நினைத்ததாக ஏதென்ஸ் வரலாற்றாசிரியர் செனொஃபோன் காரணம் தருகிறார். ஏதென்ஸ் அழியலாம், ஸ்பார்ட்டா கையில் மட்டும் போகக்கூடாது. பூசந்திக்குத் தெற்கேயும் ஸ்பார்ட்டா, வடக்கேயும் ஸ்பார்ட்டா என்றால் நடுவில் கதவுக்குக் காவலாக இருப்பவனுக்கு என்ன விலை? 506-இல் எலெயுசிஸிலிருந்து திரும்பியதும் இதே கணக்குத்தான். 395-இல் தீப்ஸ், ஏதென்ஸ், ஆர்கோஸோடு சேர்ந்தது அதன் தொடர்ச்சி. ஸ்பார்ட்டாவை எதிர்க்கச் சொல்லிப் பாரசீகப் பணம் கை மாறியது உண்மை. பணம் இல்லாதிருந்தாலும் போயிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கணக்கு சரி, இடம்தான் தவறியது. போர் முழுவதும் கொரிந்தின் வயலில் நடந்தது. கூட்டாளிகளின் நிலம் விளைந்துகொண்டிருக்க இவர்களுடையது எரிந்தது. சமாதானம் கேட்ட செல்வந்தர்களை 392-இல் எவுக்லெயா திருவிழா நாளில் எதிர்க்கட்சியினர் வெட்டிக்கொன்றார்கள். எல்லைக்கற்களைப் பிடுங்கி ஆர்கோஸோடு நாட்டையே இணைத்தார்கள். லெக்கேயோன் ஸ்பார்ட்டர் கைக்குப் போயிற்று. 390-இல் பூசந்தி விளையாட்டு விழா இரண்டு முறை நடந்தது: ஸ்பார்ட்டப் படை நிழலில் நாடுகடந்த கொரிந்தியர்கள் ஒரு முறை நடத்த, அவர்கள் போனபின் ஆர்கோஸ்காரர்கள் மறுபடி முதலிலிருந்து நடத்தினார்கள். சிலர் ஒரே போட்டியில் இரண்டு முறை வென்றதாகப் பெயர் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு லெக்கேயோன் அருகே ஏதென்ஸ் தளபதி இஃபிக்ராட்டஸின் ஈட்டி எறியும் இலகு படை, சுமார் 600 பேர் கொண்ட ஸ்பார்ட்ட அணி ஒன்றைச் சிதைத்து 250 பேர் வரை கொன்றது. ஆனாலும் 386-இல் பாரசீக மன்னன் விதித்த சமாதானத்தால் கொரிந்து தனி நகரமாகி ஸ்பார்ட்டாவிடமே திரும்பியது.

கதவைத் தானே திறந்து மூடும் உரிமை 338-இல் போனது. மக்கெடோனியாவின் இரண்டாம் பிலிப் அக்ரோகொரிந்தில் காவற்படை வைத்தான். அதன்பின் கொள்கையும் கிடையாது, கட்சியும் கிடையாது. ஐந்தாம் பிலிப் காலத்தில் அந்தக் கோட்டைக்கும் கால்கிஸ், தெமெத்ரியாஸ் கோட்டைகளுக்கும் 'கிரேக்கத்தின் விலங்குகள்' என்றே பெயர். கி.மு. 146-இல் ரோமானியத் தளபதி மும்மியுஸ் நகரத்தை அழித்தான். 44-இல் ஜூலியஸ் சீசர் அதே இடத்தில் ரோமானியக் குடியேற்றமாக மறுபடி நிறுவினார்.

கடைசியாக, படிக்கும்போது தவற விடக்கூடாத ஒன்று. தமிழில் கொரிந்து என்ற பெயர் பெரும்பாலோருக்குப் பவுலின் நிருபங்கள் வழியாகத்தான் தெரியும். கெங்கிரேயாவும் அப்போஸ்தலர் நடபடிகளில் வருகிறது. அது கி.பி. 50-ஐ ஒட்டிய சீசரின் நகரம். இந்தப் பதிலில் வருவது அதற்கு முன் அழிந்துபோனது. அஃப்ரோடைட் கோயிலில் ஆயிரம் தேவதாசிகள் என்ற புகழ்பெற்ற வரியையும் ஸ்ட்ராபோ சீசருக்குப் பிந்திய நகரத்தைப் பார்த்தபின், பழங்கதையாகத்தான் எழுதினார். உச்சியில் அகழ்ந்து கண்ட கோயிலோ மிகச் சிறியது. இரண்டு நகரங்களையும் கலந்து எழுதிய பக்கங்கள் இணையத்தில் நிறைய. ஆண்டு போடாமல் 'கொரிந்தில்' என்று தொடங்கும் எதையும் நிறுத்தி நிதானித்து, எந்தக் கொரிந்து என்று கேட்டுவிட்டுப் படியுங்கள்.